பிக்கப்புக்கு அஞ்சலை வைத்த பொட்டு

போன வாரம் திண்டிவனத்தில், ஒரு பழைய பிக்கப் வண்டி முன்னால் அரை நாள் நின்றேன். என் தங்கை அஞ்சலையின் வீட்டுக்காரர் ஏழுமலையின் வண்டி. என்ஜினுக்கு ஒரு குறையும் இல்லை. பின்னால் சரக்கு ஏற்றும் தொட்டிதான் துருப்பிடித்து, கீழே ரோடு தெரிந்தது.

விழுப்புரத்தில் ஒரு பழைய இரும்புக் கடையில் வேறு வண்டியின் தொட்டி கிடைத்தது. பழசுதான், ஆனால் கெட்டி! துருப்பிடித்ததைக் கழற்றிவிட்டு, வண்டியின் அடிச்சட்டமான சேசிஸ் மேல் இதை வைத்துக் கயிறு போட்டுக் கட்டி, திண்டிவனம் பட்டறைக்குக் கொண்டுவந்துவிட்டார் மாப்பிள்ளை. பொருத்துவதுதானே பாக்கி?

அங்கேதான் சிக்கல். சேசிஸில் இருந்த போல்ட் ஓட்டைகளுக்கு நேராகத் தொட்டியில் ஓட்டையே இல்லை. அடியில் டிரில்லை நுழைக்கவும் இடமில்லை. பட்டறைக்கார அந்தோணி மேஸ்திரி டேப்பால் அளந்து, தொட்டியைக் கவிழ்த்து ஓட்டை போட்டார். ஆறு பேர் தூக்கி வைத்தோம். ஒரு விரல் தள்ளி நின்றது. மறுபடி அளந்தோம் — இந்த முறை டேப்பின் ஒரு முனையைப் பிடித்தவன் நான். இரண்டு விரல் தள்ளி நின்றது! தொட்டியைத் தூக்கிக் கீழே வைத்தோம்.

"இன்னும் ஓட்ட போட்டா சல்லடையா பூடும்ங்க. நாளான்னிக்கு பாக்கலாம்" என்றார் மேஸ்திரி.

மாப்பிள்ளையின் முகம் தொங்கிவிட்டது. மறுநாள் காலை பெருமுக்கல்லில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, மூட்டை ஏற்ற வேண்டும். வண்டி போகாவிட்டால் சீசன் லோடு முழுக்க வேறு வண்டிக்குப் போய்விடும்.

வண்டிக்குப் பூஜை போட வந்திருந்த அஞ்சலை, குங்குமத்தில் தேங்காய் எண்ணெய் விட்டுக் குழைத்தாள். சேசிஸில் ஒவ்வொரு ஓட்டையைச் சுற்றியும் கனமாகத் தடவினாள்.

"பூஜைக்கு முன்னாடியே இன்னா பண்ணிக்கினு இருக்கற?" என்று கத்தினார் மாப்பிள்ளை.

"சாமி கோச்சுக்காது. மல்லாட்ட வியாபாரிதான் கோச்சுக்குவாரு. ஜல்தியா தொட்டிய இதும் மேல சரியா எறக்கி வெச்சி, ஆட்டாம தூக்குங்க."

சேசிஸ் மேல் இறக்கினோம். தூக்கினோம். கவிழ்த்தோம். தொட்டியின் அடியில் ஆறு சிவப்பு வட்டங்கள்! மேஸ்திரி ஒவ்வொரு வட்டத்தின் நடுவிலும் ஓட்டை போட்டார். தொட்டியை மறுபடி தூக்கி வைத்ததும் ஆறு போல்ட்டும் ஒழுங்காக இறங்கின. மேஸ்திரி தன் ஸ்டூலை இழுத்து, "ஒக்காரும்மா" என்றார்.

"எப்படிம்மா தோணுச்சு?" என்று கேட்டேன்.

"கொயந்தைய கொஞ்சுனா என் பொட்டு அதும் நெத்தியில ஒட்டிக்குதே... அவ்ளோதாண்ணே."

எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. என் தங்கையாச்சே!

காலையில் நானும் பெருமுக்கல் போனேன். மூட்டை ஏறியது. தொட்டி அசையவில்லை. வியாபாரி தட்டிப் பார்த்தார். "கெட்டியா ஒக்காந்துக்கினு கீதே... யாரு மேஸ்திரி?"

மாப்பிள்ளை வெளியாரிடம் மனைவியை 'எங்க வூட்டுல' என்பார், அதற்கு மேல் வாய் திறக்க மாட்டார். அன்று சத்தமாகவே சொன்னார் — "அஞ்சலைங்க. என் பொண்டாட்டி."

சீசன் முழுக்க லோடு எங்களுக்கே என்று வியாபாரி சொன்னது அப்புறம்தான் என் காதில் விழுந்தது.

வீட்டுக்காரியை வீட்டுக்குள்ளேயே பாராட்டினால் போதுமா சார்? நாலு பேர் முன்னால், பெயரைச் சொல்லிப் பாராட்டுங்கள்!