தயாளன் சுட்ட பூசணி சீஸ் பார்

தயாளன் போய்விட்டான். இன்று காலை ஏழே முக்காலுக்கு. ஹார்ட் அட்டாக்.

பத்தொன்பது வருடம் என்னோடு ஒரே டீமில் லிஃப்ட் ரிப்பேர் பார்த்தவன். புக்கிட் பாஞ்சாங், கிளமெண்டி என்று எத்தனையோ அடுக்குமாடி புளோக்கில் ஏறி இறங்கியிருக்கிறோம்... ஆனால் செய்தி கேட்டதும் எனக்கு ஞாபகம் வந்தது லிஃப்ட் இல்லை. கேக்.

கேக் என்றால் கோபம் வரும் அவனுக்கு. "கேக் இல்லடா, பார்!"

அடியில் பிஸ்கட் தூளும் பட்டரும், நடுவில் கிரீம் சீஸ், மேலே மஞ்சள் பூசணி விழுது, பட்டை, ஜாதிக்காய். சுட்டு, ஆறவைத்து, சதுரம் சதுரமாக வெட்டுவது. குளிர் நாடுகளில் இலை உதிர்கிற மாதங்களில் செய்வார்களாம்.

"இங்க ஏதுடா இலையுதிர் காலம்? நாலு இலை விழுந்தாலே ஆள் வந்து பெருக்கிட்டுப் போயிடுறாங்க" என்று கிண்டல் செய்தேன். "யாழினி இருக்கிற ஊர்ல இருக்குல்ல?" என்றான்.

யாழினி அவனுடைய ஒரே மகள். நாலு வருடத்துக்கு முன்னால் கனடாவுக்குப் படிக்கப் போனவள், அங்கேயே வேலையில் சேர்ந்து, இன்னும் வீட்டுக்கு வரவே இல்லை. போன முதல் அக்டோபரில் ஒரு கடையில் இதைச் சாப்பிட்டுவிட்டு போன் செய்தாள். "அப்பா, இதை நீங்க சாப்பிட்டுப் பாக்கணும்பா."

அவ்வளவுதான். அதுவரை வீட்டில் முட்டைகூட உடைத்துப் பழகாத மனுஷன் ஓவன் வாங்கிவிட்டான்.

யூடியூபில் கிரீம் சீஸை ரூம் டெம்பரேச்சரில் ஒரு மணி நேரம் வைக்கச் சொன்னார்கள். இவனும் வைத்தான்... செங்காங்கில், அவனுடைய பதினோராவது மாடி வீட்டில், பட்டப்பகல் இரண்டு மணிக்கு. போய்ப் பார்த்தால் சீஸ் பாயசமாகக் கிடக்கிறது.

"அவங்க ரூம் வேற, நம்ம ரூம் வேற லா" என்றான். அடுத்த முறை, லிஃப்ட் மோட்டார் எவ்வளவு சூடாகிறது என்று பார்க்க வைத்திருக்கும் தெர்மாமீட்டரை எடுத்துவந்து சீஸுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றான். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. ஆனால் அன்றைக்கு பார் சரியாக வந்துவிட்டது.

மறு வருடம் அவனுக்குக் கோவிட் வந்து போனது. வாசனையும் ருசியும் அதோடு போயின. திரும்பி வரும் என்றார்கள்... வரவில்லை. உப்பு, இனிப்பு, காரம் எதுவுமே தெரியாது. அட்டையைத் தின்கிற மாதிரி இருக்குடா என்பான்.

இனி ஓவனை யாருக்காவது கொடுத்துவிடுவான் என்று நினைத்தேன். அந்த ஞாயிறே என்னைத் தேக்கா மார்க்கெட்டுக்கு இழுத்துக்கொண்டு போய், பூசணியைத் தட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கிறான்!

யாழினிக்குத் தெரியக் கூடாது என்று தன் மனைவி ஷீலாவிடமும் என்னிடமும் சத்தியம் வாங்கினான். "தெரிஞ்சா அப்புறம் அவளுக்கு எதுவும் தொண்டையில இறங்காதுடா."

வீடியோ காலில் ஒரு துண்டைக் கடித்து, கண்ணை மூடிக்கொண்டு சொல்வான்: "இன்னிக்கு ஜாதிக்காய் கொஞ்சம் தூக்கல்மா. சீஸ் லேசாப் புளிக்குது, அது நல்லாருக்கு." பத்து நிமிடத்துக்கு முன்னால் நான் தின்றுவிட்டுச் சொன்னது அது. ஒரு எழுத்து பிசகாமல் சொல்வான்... பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்குப் புல்லரிக்கும்.

ஒரு தடவை சர்க்கரை போட மறந்துவிட்டான். வாயில் வைத்ததுமே தெரிந்தது. பாவம், வருத்தப்படுவான் என்று "சூப்பர்டா" என்று சொல்லித் தொலைத்தேன். ஷீலா ஒரு வாய் வைத்ததும் குட்டு உடைந்தது.

தயாளன் கத்தவில்லை. "நான் லிஃப்ட் மேல நிக்கும்போதும் நீ இப்படித்தான் ஓகே சொல்றியா?" என்றான்.

எங்கள் வேலையில் ஒருவன் லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் நிற்பான், இன்னொருவன் கண்ட்ரோல் பக்கம் நிற்பான். இவன் ஓகே சொன்னால்தான் அவன் கை வைப்பான். முகத்துக்காகப் பேசுவதற்கு அங்கே இடமே கிடையாது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அதற்கப்புறம் பட்டை கம்மி, அடி கருகல், இனிப்பு திகட்டுது... எல்லாம் உள்ளது உள்ளபடி சொன்னேன்.

தீபாவளிக்கு யாழினி வருவதாக இருந்தது. அடுத்த வியாழக்கிழமை. அப்பா செய்ததை முதல் தடவையாகச் சாப்பிடப் போகிறாள், அது சரியாக இருக்க வேண்டும். அதற்காக ஆறு வாரமாக ஆறு டிரே போட்டான். ஒவ்வொன்றிலும் நான் ஒரு குறை சொன்னேன். அவன் சலிக்கவே இல்லை. பூசணி விழுதைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு, விரலால் தொட்டுத் தொட்டு ஈரம் பார்ப்பான். டிரேயை லேசாக ஆட்டி, நடுப்பகுதி எப்படி அசைகிறது என்று குனிந்து பார்ப்பான். ஒரு சொட்டு ருசி தெரியாத மனுஷன்... எப்படி முடிந்தது அவனால்? எனக்கு இன்னமும் புரியவில்லை.

நேற்று மாலை ஏழாவது டிரே. ஒரு துண்டு சாப்பிட்டேன். குறை தேடினேன், கிடைக்கவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், நான் அப்படி ஒன்றைச் சாப்பிட்டதே இல்லை.

"ஓகேவா?"

"ஓகே."

மூன்று தடவை கேட்டான். மூன்று தடவையும் சொன்னேன். அப்புறம் டிரேயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இன்று காலை ஷீலா யாழினிக்கு போன் செய்து எல்லாவற்றையும் சொன்னார். ருசி போன விஷயத்தையும். (இரண்டு பேரிடமும் கேட்டுவிட்டுத்தான் இங்கே எழுதுகிறேன்.) அப்புறம் என்னிடம் போனைக் கொடுக்கச் சொல்லியிருக்கிறாள்.

"அங்கிள்... மிச்சம் இருக்கா?"

"இருக்குமா."

"நான் வர்ற வரைக்கும் யாரும் எடுக்காம பாத்துக்குங்க அங்கிள்."

ஃபிரிட்ஜில் பதினைந்து துண்டு இருக்கிறது. வீடு நிறைய ஆட்கள். நான் சமையலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டுதான் இதை டைப் செய்கிறேன். நாளை சாயங்காலம் அவள் வந்து இறங்குகிறாள்.

போய் வாடா தயா. உன் பொண்ணு சாப்பிடுவா.