ஒரு கிலோ, ஒரு மூச்சு

"முப்பது வருஷ சர்வீஸ்ல என் கையெழுத்தோட ஒரு கிலோ அதிகமா எந்தப் பிளேனும் மேல போனதில்லை. என் மேஜையில ஒரு மூச்சு அதிகமா எந்த மந்திரவாதியும் உயிரோட இருந்ததில்லை."

கல்யாணராமன் இதைச் சொன்னது டெல்லி துவாரகாவில் எங்கள் அடுக்குமாடி சொசைட்டியின் லிஃப்டுக்குள். சொல்லிக்கொண்டே அங்கே நின்றவர்களை ஒவ்வொருவராகக் கண்ணால் நிறுத்துப் பார்த்தார். "எட்டுப் பேர்னு எழுதியிருக்கான். இந்த எட்டுப் பேரை நெனச்சு எழுதலை" என்றார். பிறகு, யாரும் கேட்காமலே வெளியேறி, கையில் இரண்டு பை காய்கறியோடு ஐந்து மாடி படியேறிப் போனார். லிஃப்ட் எங்களைப் பத்திரமாகக் கொண்டு சேர்த்தது. அது அவருடைய தியாகத்தால்தான் என்று இன்றுவரை நம்புகிறார்.

விமான நிலையத்தில் அவர் லோடு கண்ட்ரோலர். பயணிகள், பெட்டிகள், எரிபொருள், சரக்கு எல்லாவற்றையும் கூட்டி, எதை எங்கே வைத்தால் விமானம் ஒழுங்காக மேலே போகும் என்று கணக்குப் போட்டுக் கையெழுத்திடுவது வேலை. ஒருமுறை ஒரு பெரிய பிரமுகரின் மாம்பழக் கூடைகளை இறக்கச் சொன்னார். மேலிடத்திலிருந்து மூன்று தொலைபேசி வந்தது. மாம்பழம் டெல்லியிலேயே தங்கியது, பிரமுகர் மட்டும் பறந்தார். அந்த ஆண்டு கல்யாணராமனுக்குக் கிடைத்திருக்க வேண்டிய பதவி உயர்வும் மாம்பழத்தோடு தங்கிவிட்டது.

இந்தக் குணம் வேலைக்குச் சேர்ந்த பிறகு வந்ததல்ல என்று அவர் மனைவி சியாமளா சாட்சி சொல்கிறார். "எங்க கல்யாணத்துல மாலை மாத்தறச்சே மாமா என்னைத் தோள்ல தூக்கினார். எல்லாரும் சிரிக்கறா, நாயனம் வாசிக்கறா. இந்த மனுஷர் கீழேருந்து, 'அம்பத்திரண்டு இருக்கும், முதுகு பத்திரம்'ங்கறார்."

இப்படிப்பட்டவர் கையில் ஒரு மாய உலகத்தை யார் கொடுத்தார்கள் என்று கேட்டால், மகள் அபூர்வாதான். அறியாதவர்களுக்கு: சிலர் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஒருவர் போர்வீரன், ஒருவர் மந்திரவாதி, ஒருவர் திருடன் என்று வேடமேற்று, வாயாலேயே ஒரு கதையை நடத்தும் விளையாட்டு அது. ஒருவர் நடுவர். உலகமும் அதன் சட்டமும் அவருடையவை. நினைத்தது நடக்குமா என்பதைப் பகடை சொல்லும். அபூர்வா பள்ளியில் படிக்கும்போது இதை வாங்கி வந்தாள். கல்யாணராமன் விதிகளை ஒரே மூச்சில் படித்தார். படித்துவிட்டு அன்று இரவுச் சப்பாத்தியைத் தொடவில்லை.

"போர்வீரன் காலைலேருந்து சாயந்திரம் வரை கத்தி வீசறான், கை வலிக்கலை. மந்திரவாதி ஒரு படையையே எரிக்கறான், ராத்திரி தூங்கி எழுந்தா மறுபடி ஃபுல் டேங்க். பெட்ரோல் யார் போட்டா?"

கேள்வி நியாயமானது. பதிலைக் கண்டுபிடிக்க அவர் பரிசோதனையில் இறங்கினார். கத்திக்கான வரம்பை ஐந்து லிட்டர் ரிஃபைண்ட் எண்ணெய் கேன் நிர்ணயித்தது. எதிர்த்துக் கேட்டவள், எதிர்வீட்டில் அறை எடுத்துக் குர்காவுனில் வேலை பார்க்கும் கோயம்புத்தூர்ப் பெண் ப்ரீதா. கத்திக்கு எதற்கு வரம்பு என்று அவள் வாதாடியபோது, கேனைக் கையில் கொடுத்து நீட்டிப் பிடிக்கச் சொன்னார். அவர் விளக்கத்தை முடிப்பதற்குள் அவள் கை இறங்கிவிட்டது. அன்று முதல் போர்வீரன் ஓங்கி வெட்டும் ஒவ்வொரு வெட்டுக்கும் துணி காயப்போடும் கிளிப் ஒன்றைச் சட்டைக் கையில் மாட்டிக்கொள்ள வேண்டும். மூன்று கிளிப் சேர்ந்தால் கை போச்சு. பாதுகாப்பான இடத்தில் தூங்கி எழும்வரை கத்தி வெறும் ஊன்றுகோல். நான் மூன்றாவது கிளிப்பை மாட்டாமல் ஏமாற்றப் பார்த்து முதல் ஞாயிறே செத்தவன். அதற்குப் பிறகு ஓரமாக உட்கார்ந்து பார்ப்பதோடு சரி.

மந்திரத்துக்கான வரம்பை ஜெயசீலன் நிர்ணயித்தார். விமானப்படையில் என்ஜின் மெக்கானிக், சார்ஜென்ட்டாக இருந்து ஓய்வு பெற்ற தூத்துக்குடிக்காரர், அடுத்த பிளாக். அப்போது ஆள் தூண் மாதிரி இருப்பார். பதினாறாம் வாய்ப்பாட்டைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே படியேறும்படி கல்யாணராமன் கேட்டார். எந்த மாடியில் எந்த வரியில் மூச்சு வாங்குகிறது என்று பின்னாலேயே ஏறிக் கவனித்தார். ஜெயசீலன் மொட்டைமாடிவரை போய், வாய்ப்பாட்டை முடித்து, "இன்னொரு வாட்டி சொல்லட்டா வே?" என்று கேட்டார். கல்யாணராமன்தான் நாலாவது மாடியில் உட்கார்ந்துவிட்டார்.

இப்படியாக, மந்திரம் என்பது மூச்சு என்றாயிற்று. மந்திரவாதியின் எவர்சில்வர் கிண்ணத்தில் ராஜ்மா பயறு இருக்கும். ஒரு ராஜ்மா ஒரு மூச்சு. மந்திரம் சொல்லும்போது பகடை போட வேண்டும். நாலும் அதற்கு மேலும் விழுந்தால் ஒரு மூச்சு செலவு. மூன்றும் அதற்குக் கீழும் விழுந்தால் இரண்டு. கிண்ணம் காலியானால் பரவாயில்லை, மந்திரவாதி சாதாரண ஆளாக நடந்து போகலாம். பகடை கேட்டதைக் கொடுக்கக் கிண்ணத்தில் இல்லையென்றால், அதே இடத்தில் மூச்சு நின்றுவிடும்.

பகடையை அவரவர்தான் போட வேண்டும், அதுவும் மேஜை நடுவில் உள்ள தட்டில். விழுந்ததும் கல்யாணராமன் எண்ணைப் படித்து, "பாத்தாச்சா?" என்பார். எல்லோரும் "பாத்தாச்சு" என்று சொல்ல வேண்டும். அடுத்தவர் முறை வரும்வரை பகடையை யாரும் தொடக்கூடாது, அவர் உட்பட. விமானத்துக்கு இரண்டாவது கையெழுத்து எப்படியோ அப்படி.

அபூர்வா வேலைக்காகப் பூனாவுக்குக் கிளம்பும் முன் ஆடிய கடைசி ஆட்டத்தில், அவள் பள்ளிக்காலம் தொட்டு வளர்த்த மந்திரவாதினியின் கிண்ணத்தில் ஒரு ராஜ்மா இருந்தது. பகடையில் மூன்று விழுந்தது. "பாத்தாச்சா?" என்றார் அப்பா. இதே ஊரில் பிறந்து வளர்ந்தவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாத்தாச்சு. பஸ் கரோ அப்பா, போதும்" என்று எழுந்து போனாள். மறுநாள் ரயில் நிலையத்தில் அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போன கல்யாணராமன், வழியெல்லாம் சமாதானம் சொன்னார். அவர் சொன்ன சமாதானம், மூன்று என்பது நாலைவிடக் குறைவு என்பதுதான்.

அந்த நாற்காலிக்குத்தான் ஜெயசீலன் வந்தார். ப்ரீதா போர்வீரன், டிவி சேனலில் எடிட்டிங் செய்யும் வாணியம்பாடி ஆரிப் திருடன், ஜெயசீலன் மந்திரவாதி. மூவரும் ஒரு மலையின் வயிற்றுக்குள்ளே போகும் சுரங்கப்பாதையில் நுழைந்தார்கள். மறுபக்கம் வெளியேற வேண்டும். அவ்வளவுதான் கதை. நடுவில் தூங்கப் பாதுகாப்பான இடம் கிடையாது, ஆகவே செலவான மூச்சு திரும்பி வராது.

அந்தக் குளிர்காலத்தில் ஜெயசீலனுக்கு இருமல் தொடங்கியது. மருத்துவர் நீளமான ஆங்கிலப் பெயர் ஒன்றைச் சொன்னார். டெல்லிக்காரர்கள் அதை, ஊரில் புகை மண்டும் மாதத்தின் பெயரால், சுருக்கமாக நவம்பர் என்கிறார்கள். அடுத்த நவம்பரில் வீட்டுக்கு ஆக்சிஜன் இயந்திரம் வந்தது. அதன் குழாய் எவ்வளவு நீளமோ அவ்வளவுதான் இப்போது ஜெயசீலனின் வீடு. படுக்கையறை, குளியலறை, ஜன்னல் ஓரத்தில் ஒரு நாற்காலி. ஜன்னலையும் டேப் போட்டு ஒட்டியாயிற்று. ஆட்டம் அவர் படுக்கையறைக்கு இடம் மாறியது. விரலில் ஆக்சிஜன் அளக்கும் கருவியை மாட்டியிருந்ததைக் காட்டி, "எனக்கும் ஒரு கிளிப்பு மாட்டிட்டாங்க, பாத்துக்கிடுங்க. இன்னும் ரெண்டு மாட்டினா நானும் போர்வீரன்தான்" என்றார். சிரித்ததற்கு விலையாகக் கொஞ்ச நேரம் இருமினார்.

மருத்துவர் ஜெயசீலனின் மனைவியிடம் தனியாகச் சொன்னது எங்களுக்கும் தெரியும். ஜெயசீலனுக்கும் தெரியும் என்பது அவர் அவசரத்தில் தெரிந்தது. வாரத்துக்கு ஒருமுறை ஆட்டம் என்பதை இரண்டாக்கச் சொன்னார். "மலையை விட்டு வெளிய வந்துரணும் வே. உள்ள கெடந்து சாவ முடியாது."

ஆரிப் தாங்காமல் கல்யாணராமனைப் படிக்கட்டில் மறித்தான். ஏதாவது மூலிகை, ஏதாவது ஊற்று, ஒரு இரவு தூங்க ஒரு குகை, மலைக்குள் வைத்தால் என்ன சார் என்று கேட்டான். கல்யாணராமன் நிதானமாக, மலை ஏற்கெனவே கட்டியாகிவிட்டது என்றார். "ஆளுக்குத் தகுந்தபடி ரன்வேயை நீட்ட முடியுமோ?"

ப்ரீதா வாதாடவில்லை. ஜெயசீலன் இருமிக் கண்ணை மூடிய ஒரு சமயத்தில், சமையலறையிலிருந்து கொண்டுவந்த ஒரு ராஜ்மாவை அவர் கிண்ணத்தில் போட்டுவிட்டாள். ஜெயசீலன் கண்ணைத் திறந்தார். விரலால் கிண்ணத்தைத் துழாவினார். ஒன்றைத் தனியே எடுத்துத் தட்டின் நடுவில் வைத்தார்.

"என்ஜினைத் தெறந்தா, மூடறதுக்கு முந்தி டூல்ஸ எண்ணணும். ஒண்ணு கொறஞ்சாலும் மூடக்கூடாது, ஒண்ணு கூடினாலும் மூடக்கூடாது. இது யாரு சாமான்?"

"என்னுதுங்க அங்கிள்" என்றாள் ப்ரீதா.

"எடுத்துக்கிடும்மா. இந்த ரூல்ஸே என் நுரையீரல வச்சு எழுதினது. இப்ப எனக்குன்னு தனியா ஒண்ணு போட்டா, நான் படியேறினது பொய்யின்னு ஆயிரும்." பிறகு கல்யாணராமன் பக்கம் திரும்பி, "அய்யரே, இதுல நீரு கூட்டு இல்லியே?" என்று கேட்டார். கல்யாணராமன் உண்மையிலேயே அவமானப்பட்டவராக நிமிர்ந்து உட்கார்ந்தார். அவரைப் பற்றி அப்படி ஒரு சந்தேகம் யாருக்கும் வந்ததில்லை.

போன ஞாயிறு மதியம் சூரியன் தேய்ந்த பத்து ரூபாய் நாணயம் மாதிரி தெரிந்தது. கண் கூசாமல் பார்க்க முடிகிற சூரியன், டெல்லியின் குளிர்காலச் சலுகைகளில் ஒன்று. ஜெயசீலன் உட்காரவில்லை. ஒருக்களித்து, சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். முதுகுப் பக்கம் இருந்த ஸ்டூலில் தட்டு. வயிற்றருகில் கிண்ணம், அதற்குள் ஒரு ராஜ்மா.

மூவரும் சுரங்கத்தின் கடைசிக் கதவுக்கு வந்திருந்தார்கள். கல்கதவு மேலிருந்து இறங்கிக்கொண்டிருக்கிறது, அதைத் தாங்கிப் பிடித்தால்தான் அடியில் நுழைந்து வெளியேற முடியும். ப்ரீதாவின் சட்டைக் கையில் மூன்று கிளிப்பும் இருந்தன. திருடனின் தோளுக்கு அந்த எடையைத் தாங்கும் வலு இல்லை என்று நடுவர் ஏற்கெனவே தீர்ப்புச் சொல்லியிருந்தார். மிச்சம் மந்திரம்தான்.

"நான் புடிக்கேன்" என்றார் ஜெயசீலன்.

"ஒண்ணுதான் இருக்கு, சார்ஜென்ட்" என்றார் கல்யாணராமன்.

"எண்ணத் தெரியும் வே."

பகடையைக் கொடுத்தார்கள். ஜெயசீலன் திரும்பாமலே கையைப் பின்னால் கொண்டுவந்து போட்டார். கை தட்டை எட்டவில்லை, பகடை மெத்தையில் விழுந்து போர்வைக்குள் போனது. தட்டில் விழாதது கணக்கில் இல்லை. மறுபடி கொடுத்தார்கள். அது தரையில் உருண்டு கட்டிலுக்கடியில் போனது. ஆரிப் குனிந்து எடுத்துவந்தான். ஜெயசீலன் அதை வாங்கவில்லை.

"நீரே போடும் அய்யரே. உம்ம கைய நம்பலாம்."

கல்யாணராமன் பகடையை வாங்கினார். அவரவர் பகடையை அவரவரே போட வேண்டும் என்ற விதியை அவர் நினைவூட்டவில்லை. உள்ளங்கையில் வைத்து ஒரு நிமிடம் எடை பார்ப்பதுபோல் இருந்துவிட்டுத் தட்டில் விட்டார். அது ஓரத்தில் மோதித் திரும்பி, நடுவில் வந்து நின்றது. இரண்டு புள்ளிகள். ஸ்டூலைச் சுற்றியிருந்த எங்கள் எல்லோருக்கும் அது நன்றாகத் தெரிந்தது.

"அஞ்சு" என்றார் கல்யாணராமன்.

பிறகு வழக்கம்போல எங்களைச் சுற்றிப் பார்த்தார்.

"பாத்தாச்சா?"

ஆரிப் தட்டைப் பார்த்தான், ப்ரீதாவைப் பார்த்தான். "பாத்தாச்சு சார்."

"பாத்தாச்சுங்க" என்றாள் ப்ரீதா.

ஜெயசீலனின் விரல்கள் கிண்ணத்தைத் துழாவி, அந்த ஒரு ராஜ்மாவை எடுத்துத் தோளுக்கு மேலாக நீட்டின. கல்யாணராமன் வாங்கிக்கொண்டார். கதவு நின்றது என்றார். மூன்று பேரும் அடியில் நுழைந்து வெளியே வந்தாயிற்று என்றார்.

"வெளிய எப்படி இருக்கு?"

"வெயில் அடிக்கறது. காத்து இருக்கு."

"எவ்ளோ?"

"அளக்கலை, சார்ஜென்ட்."

ஜெயசீலன் சுவரைப் பார்த்தபடியே தலையை மெல்ல ஆட்டினார். கல்யாணராமன், அடுத்தவர் முறை வரும்வரை யாரும் தொடக்கூடாத அந்தப் பகடையைத் தட்டிலிருந்து எடுத்துச் சட்டைப்பையில் போட்டு, பையின் பொத்தானையும் மாட்டிக்கொண்டார்.