லாரியில் ஒரு கீச்சுச் சத்தம்

எங்கள் லாரிக்குள் குருவி கூடு கட்டியிருக்கிறது என்று முதலில் சொன்னவள் நான்தான். அப்போது எனக்குப் பத்து வயது. ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்புகள் வரிசையாக இருந்த தெருவுக்குப் பின்னால் குடியிருந்தோம். லாரி, அப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்து வாங்கியது. முன்பக்கம் மூக்கு நீண்ட பழைய வண்டி. உப்புப் போட்ட பச்சைத் தோல்களைக் குடியாத்தம் பக்கமிருந்து ஆம்பூருக்கும் மேல்விஷாரத்துக்கும் ஏற்றிவருவார்கள். ஓட்டுவது அப்பா. லோடு பிடிப்பது, வியாபாரிகளிடம் பேசுவது, கோபப்படுவது எல்லாம் சித்தப்பா.

குடியாத்தத்தில் அத்தை வீட்டுக்குப் போயிருந்த என்னை ஒரு ஞாயிற்றுக்கிழமை அழைத்துவந்தார்கள். லாரி காலியாக இருந்தது. ஊரைத் தாண்டியதும் எங்கிருந்தோ கீச், கீச், கீச் என்று கேட்டது. குருவி என்றேன். சித்தப்பாவுக்கும் கேட்டது. வண்டியை நிறுத்தச் சொல்லி, டிரைவர் கூண்டின் மேலும் கீழும் தேடினார். குருவியும் இல்லை, கூடும் இல்லை. வண்டி நகர்ந்ததும் மறுபடி கீச், கீச்.

"எனுக்கு ஒண்ணும் கேக்கலையே" என்றார் அப்பா.

"ஊருக்கே கேக்குதுண்ணா. உனுக்குக் கேக்கலையா?"

அப்பா பதில் சொல்லவில்லை. அப்பாவுக்குப் பிடிக்காத பேச்சு என்றால் பதில் வராது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

இன்ஜின் பெல்ட்டாக இருக்கும் என்று சித்தப்பா மறுநாள் பெல்ட்டுக்குச் சோப்புத் தடவினார். லாரி சோப்பு வாசனையோடு கீச்சிட்டது. அதன்பிறகு மெக்கானிக் பாயிடம் போனோம். அவர் படிக்கட்டில் தொற்றிக்கொண்டு ஒரு மைல் தூரம் வந்து, கண்ணை மூடிக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "கியர் பாக்ஸ், இல்லாகாட்டி பின்னாடி கிரவுன் சக்கரம். ரெண்டுல ஒண்ணு. பிரிச்சாதான் தெரியும். ஒரு வாரம் ஆவும்."

பக்ரீத்துக்கு நான்கு நாள்தான் இருந்தது. அன்றைக்குச் சேரும் தோல்களை உடனே ஏற்றி வந்து ஷாப்பில் சேர்க்காவிட்டால் வெயிலில் கெட்டுப்போகும். வருஷத்திலேயே பெரிய வேலை அதுதான். சித்தப்பா எல்லோரிடமும் வாக்குக் கொடுத்திருந்தார்.

"வெறும் சத்தம்தானே, கத்திட்டுப் போவட்டும். பண்டிகை முடிஞ்சி பாத்துக்கலாம்."

"இன்னா சத்தம்னு தெரியாம நான் லோடு ஏத்த மாட்டேன்" என்றார் அப்பா.

சத்தம் கேட்டவர் விட்டுவிடலாம் என்றார். கேட்கவில்லை என்றவர் விட மறுத்தார். இரண்டு பேரும் அன்று பேசிக்கொள்ளாமல் சாப்பிட்டார்கள்.

காய்ச்சல் வந்தால்கூடப் பள்ளிக்கு மட்டம் போட விடாத அம்மா, மறுநாள் காலை தானே எனக்குத் தலைவாரி, அப்பாவோடு லாரியில் ஏற்றிவிட்டாள். ஏனென்று நான் கேட்கவில்லை. பள்ளி இல்லை என்பதே போதுமாக இருந்தது.

குடியாத்தம் சாலையில் வண்டிப் போக்குவரத்து குறைவாக இருந்த இடத்தில் அப்பா நிறுத்தினார். "பாப்பா, அந்தக் குருவி கத்துனா கையைத் தூக்கு. நின்னுட்டா எறக்கிடு. வாயால சொல்லாத. கை போதும்."

வண்டி நின்றபடியே இருக்க, இன்ஜினை உறுமவிட்டார். கீச்சில்லை, நான் கையைத் தூக்கவில்லை. "அப்ப பெல்ட்டு இல்ல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். வண்டியை நகர்த்தினார், கை மேலே போனது. கிளட்ச்சை மிதித்தார், கை மேலேயே இருந்தது. பாலத்திலிருந்து இறங்கும் சரிவில் நியூட்ரலில் போட்டு இன்ஜினையே அணைத்துவிட்டார். காற்றின் சத்தம் மட்டும் இருந்த அந்த அமைதியில் கீச் கீச் இன்னும் தெளிவாகக் கேட்டது. பிரேக்கை லேசாக அழுத்திப் பார்த்தார். அப்போதும் நிற்கவில்லை. இத்தனை நேரமும் அப்பா சாலையைப் பார்ப்பதும் என் கையைப் பார்ப்பதுமாகவே இருந்தார். எனக்கு ராணி போல இருந்தது. நான் கையை அசைத்தால் ஒரு லாரி நிற்கிறது, ஓடுகிறது.

நடுவில் பின்னால் ஒரு பஸ் வழி கேட்டு ஹாரன் அடித்தபடி வந்தது. அப்பா ஒதுங்கவே இல்லை. நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்துக் காட்டிய பிறகுதான் சடாரென்று ஓரம் கட்டினார். பஸ் டிரைவர் எங்களைப் பார்த்து ஏதோ கத்திவிட்டுப் போனார்.

அப்பா இறங்கிப்போய் முன்சக்கரத்தில் சுண்ணாம்புக்கட்டியால் ஒரு கோடு போட்டார். பிறகு வண்டியை நடைவேகத்தில் உருட்டி, தலையை வெளியே நீட்டிச் சக்கரத்தைப் பார்த்தார். "இப்ப ஒவ்வொரு கீச்சுக்கும் என் தோள்ல ஒரு தட்டு தட்டு."

தட்டினேன். கோடு ஒரு சுற்றுச் சுற்றி வரும்போதெல்லாம் அப்பா நான் தட்டியதை எண்ணிச் சொன்னார். ஆறு. மறுபடி ஆறு. ஒருமுறை ஏழு. வண்டியை நிறுத்தி என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"சக்கரம் ஒரு சுத்து வர்றதுக்குள்ள ஆறேழு சுத்து சுத்துற சாமான் வண்டியில ஒண்ணே ஒண்ணுதான்."

கியர் பாக்ஸிலிருந்து பின்சக்கரங்களுக்குப் போகும் நீண்ட ஷாஃப்ட் அது. பாயிடம் போய், எதையும் பிரிக்க வேண்டாம், ஷாஃப்டின் ஜாயிண்டை மட்டும் கழற்று என்றார் அப்பா. பாய் நம்பாமல்தான் அடியில் படுத்தார். சித்தப்பா கைகட்டி நின்றார். சிலுவை போன்ற ஓர் இரும்புத் துண்டு வெளியே வந்தது. பாய் அதைத் தட்டியதும் கிரீஸ் வரவேண்டிய இடத்திலிருந்து மிளகாய்ப்பொடி போலச் செந்நிறத்தில் துரு கொட்டியது.

"அல்லா! இன்னும் ரெண்டு லோடு போயிருந்தா ஷாஃப்ட்டு நடுரோட்ல அறுந்து விழுந்திருக்கும். வண்டியே கவுந்திருக்கும்."

சித்தப்பாவின் கட்டிய கை தானாகத் தொங்கியது. புது ஜாயிண்ட் சாயங்காலத்துக்குள் மாட்டிவிடலாம், பக்ரீத்துக்கு வண்டி தயார் என்றார் பாய். டீயும் பன்னும் வந்தன.

"எத்தினியோ டிரைவரைப் பாத்துட்டேன். இந்த மாதிரி காது யாருக்கும் கெடையாது" என்று பாய் அப்பாவின் முதுகில் தட்டினார்.

எனக்குப் பொறுக்கவில்லை. வாயில் பன்னோடு எழுந்து நின்றேன். "அப்பாவுக்குக் கேக்கவே இல்ல! நான்தான் கேட்டேன். நான் தட்டத் தட்டத்தான் அப்பா எண்ணுனாரு. பின்னாடி பஸ்காரன் ஹாரன் அடிச்சதுகூட அப்பாவுக்குக் கேக்கல. நான்தான் சட்டையை இழுத்தேன்."

எல்லோரும் சிரிப்பார்கள் என்று பார்த்தேன். யாரும் சிரிக்கவில்லை. பாய் குனிந்து ஸ்பேனரைத் தேடினார், அது அவர் கையிலேயே இருந்தது. சித்தப்பா அப்பாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அதுவரை அவர் அப்பாவிடம் அவ்வளவு மெல்லப் பேசி நான் கேட்டதில்லை.

"எத்தினி நாளா இப்படிண்ணா?"

அப்பா டீயைக் குடித்து முடித்து, கிளாசைக் கீழே வைத்தார்.

"ரெண்டு வருசமா கொஞ்சம் கொஞ்சமா கம்மி ஆவுது."

"சாவியக் குடு. நான் ஓட்றேன்."

அப்பா கொடுத்தார். அந்தப் பக்ரீத் தோல்களைச் சித்தப்பாதான் ஏற்றிவந்தார். அதற்கப்புறமும் அவர்தான் ஓட்டினார். அப்பா ஒரு தோல் ஷாப்பில் எடை போடும் வேலைக்குச் சேர்ந்தார். சண்டையில் சித்தப்பா ஜெயித்து லாரியைப் பிடுங்கிக்கொண்டதாக நினைத்து, நான் அவரோடு பல மாதம் பேசவில்லை.

ஆனால் அன்று சாயங்காலம் வீடு திரும்பும்போது எனக்கு எந்த வருத்தமும் இல்லை. சித்தப்பா ஓட்ட, அப்பா ஜன்னலோரம் உட்கார, நடுவில் நான். லாரியில் குருவி கத்தவில்லை. இனி எந்த லாரிக்கு வியாதி வந்தாலும் என்னைத்தான் கூப்பிட வேண்டும், பாய் கடையில் எனக்கென்று ஒரு ஸ்டூல் போட வேண்டும், பள்ளிக்கு இனிமேல் போகவேண்டியதில்லை என்று வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தேன். அப்பா என் வாயைப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் சிரித்துத் தலையாட்டினார். எல்லாவற்றுக்கும் ஒத்துக்கொண்டுவிட்டார் என்று எனக்கு ஒரே சந்தோஷம்.