ஓட்டுக் கட்டடத்து முதல் பெஞ்சு

சின்னச்சாமி இப்போது இல்லை. அவர் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டிய மோட்டார்கள் சில கிணறுகளில் இன்னும் ஓடுகின்றன.

உசிலம்பட்டிப் பட்டறையில் தொழில் கற்றவர். மோட்டார் எரிந்தால் மேலத்தெருக்காரர்கள் காலனிக்கு ஆள் அனுப்பி அவரைக் கூப்பிடுவார்கள். அந்த ஊரில் அவர் இறங்காத கிணறு இல்லை. ஆனால் அவருடைய ஒரே மகள் முருகேஸ்வரி ஊர்ப் பள்ளிக்கூடத்தின் ஓட்டுக் கட்டடத்துக்குள் கால் வைத்ததில்லை.

அது அரசுப் பள்ளி. மேலத்தெருப் பிள்ளைகளுக்கு முன்பக்கத்து ஓட்டுக் கட்டடமும் பெஞ்சும் தலைமையாசிரியரும். காலனிப் பிள்ளைகளுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை, வெறுந்தரை, பாதி நாள் வராத இன்னொரு வாத்தியார். கேட்டால் இட நெருக்கடி என்றார்கள். சின்னச்சாமி அந்தக் கொட்டகையில் படித்த காலத்திலும் அதே நெருக்கடிதான்.

முருகேஸ்வரி நான்காம் வகுப்புக்குப் போன வருஷம், மதுரைக்கு ஹைகோர்ட் கிளை வந்து, சென்னைக்கு அலையாமல் அங்கேயே ரிட் மனு போடலாம் என்று ஆனது. கீழவாசல் பக்கத்து வக்கீல் ராமமூர்த்தியின் சித்தப்பா தறிக்கூடத்தில் சின்னச்சாமி மோட்டார் பார்த்திருக்கிறார். அந்தப் பழக்கத்தில் போய் நின்றார். மனுவில் கேட்டது ஒன்றுதான்: இரண்டு தெருப் பிள்ளைகளையும் ஒரே கட்டடத்தில் ஒன்றாக உட்கார வைக்க வேண்டும்.

மகளுக்குப் புரியும்படி அவர் வேறு மாதிரி சொன்னார். கேஸ் முடிந்தால் சுபலட்சுமி உன் பக்கத்தில் உட்காருவாள். மேலத்தெரு சுபலட்சுமிக்கும் அதே வகுப்பு. இரண்டு பேரும் ரோட்டில் பேசிக்கொண்டே வந்து பள்ளிக்கூட வாசலில் பிரிந்துவிடுவார்கள்.

நோட்டீஸ் வந்த வாரத்தோடு ஊர் மோட்டார்கள் உசிலம்பட்டிக்குப் போக ஆரம்பித்தன. சின்னச்சாமி பழைய பட்டறைக்கே கூலிக்குப் போனார். அவர் மனைவி ராக்கம்மாள் வெளியூர்க் காடுகளில் வேலை தேடினாள். ஒருநாள் மேலத்தெரு வெள்ளைத்துரை வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைக்காமலே பேசினார். ஊரில் முக்கால்வாசிக் காடு அவருடையது.

"கேஸ ஜெயிச்சுக்க சின்னச்சாமி. யாரும் குறுக்க வரல. ஜட்ஜு உன் பிள்ளைய உள்ள கொண்டுபோய் உக்கார வைப்பாரு. எங்க பிள்ளைகளக் கையப் பிடிச்சு இழுத்துட்டு வந்து உக்கார வைப்பாரா?"

வெறும் ஏச்சு என்று சின்னச்சாமி நினைத்துக்கொண்டார். அடுத்த ஜூனில் ஊருக்குள் மஞ்சள் வேன் வந்தது. உசிலம்பட்டியில் இங்கிலீஷ் பள்ளிக்கூடம். பெஞ்சு பெஞ்சாகக் காலியாகி, தை பிறந்தபோது ஓட்டுக் கட்டடத்தில் சுபலட்சுமி மட்டும் மிஞ்சினாள். தகப்பன் இல்லாத பிள்ளை. தாய் ஒச்சாயி பஞ்செடுத்துப் பிழைப்பவள். வேனுக்கு அவளிடம் ஏது? கட்டடம் முழுக்க அந்த ஒரு பிள்ளை, கொட்டகை முழுக்கக் காலனிப் பிள்ளைகள். அப்போதும் இட நெருக்கடி தீரவில்லை.

ராமமூர்த்தி மூடி மறைக்கவில்லை. "அந்த ஒரு பிள்ளை இருக்கிற வரைக்கும்தான் நமக்குக் கேஸ். அதுவும் போயிட்டா, பிரிச்சு வைக்க ஆளே இல்லைன்னு மனுவை முடிச்சிருவாங்க."

சின்னச்சாமி ஒச்சாயியைத் தேடிப் பருத்திக் காட்டுக்குப் போனார். பட்டறையில் தொழில் கற்ற நாளிலிருந்து அவர் யார் முன்னாலும் தோளிலிருந்து துண்டை இறக்கியதில்லை. அன்று வரப்பில் நின்று இறக்கினார். வாய்தா முடிகிற வரைக்கும் பிள்ளையை நிறுத்திவிடாதீர்கள் என்று கேட்டார்.

அவள் பஞ்செடுப்பதை நிறுத்தவில்லை. "வேன் காச வெள்ளைத்துரையே கட்டுறேன்னு நிக்கிறாரு. மாட்டேன்னு சொல்லிட்டு நாளைக்கு எந்தக் காட்டுல போயி நான் பஞ்செடுக்க? நீயே சொல்லு."

சின்னச்சாமிக்கு நடந்ததே அதுதான்.

"முடிஞ்ச மட்டும் இழுத்துப் பிடிக்கிறேன்" என்றாள் ஒச்சாயி. "உனக்காக இல்ல. எம்புள்ள இங்க நல்லாப் படிக்கிது."

வாய்தா அன்று காலை சின்னச்சாமி மஞ்சப்பையில் காகிதங்களோடு பஸ்ஸுக்கு நின்றார். சற்றுத் தள்ளி ஒச்சாயி. அவள் கையைப் பிடித்துக்கொண்டு சுபலட்சுமி, கழுத்தில் டையும் காலுக்குப் பெரிதான புது ஷூவும் போட்டு நின்றாள். ஒச்சாயி அவர் பக்கம் திரும்பவில்லை. நேராக இருந்த டையைத் திரும்பத் திரும்ப நேராக்கிக்கொண்டிருந்தாள். முதலில் வேன் வந்தது. பிறகு பஸ் வந்தது. போவதில் பயனில்லை என்று தெரிந்தும் ஏறினார்.

கோர்ட்டில் அரசு வக்கீல் எழுந்து, இன்று காலை முதல் எல்லாப் பிள்ளைகளும் ஓட்டுக் கட்டடத்தில்தான் படிக்கிறார்கள் என்றார். இன்றைய தேதியில் தனியாக உட்கார வைக்கப்பட்ட பிள்ளை யாராவது உண்டா என்று நீதிபதி கேட்டார். ராமமூர்த்தி திரும்பிப் பார்த்தார். சின்னச்சாமி இல்லையென்று தலையசைத்தார். குறை எதுவும் மீதமில்லை, மனு முடித்துவைக்கப்படுகிறது என்று உத்தரவானது. அடுத்த கேஸைக் கூப்பிட்டார்கள்.

வராந்தாவில் நின்று அவர் கேட்டார். "சார், நாம ஜெயிச்சிருக்கமா தோத்திருக்கமா?"

"கேட்டது கிடைச்சிருச்சுன்னு எழுதிட்டாங்கப்பா."

போன பிள்ளைகளைத் திரும்ப வரவழைக்க ஒரு மனு போட முடியுமா என்றார். வக்கீல் அவர் கையைப் பிடித்தார்.

வீட்டு வாசலிலேயே முருகேஸ்வரி ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டாள்.

"அப்பா, சார் எங்கள எல்லாம் ஓட்டுக் கட்டடத்துக்குக் கூட்டிட்டுப் போயிட்டாரு. எனக்கு முதப் பெஞ்சு. சுபலட்சுமிதான் இன்னைக்கு லீவு. அவ வந்தா உக்காரணும்னு பக்கத்துல இடம் விட்டு வச்சிருக்கேன்."

சின்னச்சாமி செருப்பைக் கழற்றவில்லை. வந்த வழியே திரும்பி நடந்து மேலத்தெரு முனை வரை போனார். ஒச்சாயி வீட்டு வாசலில் அந்த ஷூ இரண்டும் கிடந்தன. பார்த்துவிட்டுத் திரும்பினார்.

அதற்குப் பிறகு நாலைந்து நாள் முருகேஸ்வரி அந்த இடத்தில் யாரையும் உட்காரவிடவில்லை. தினமும் சாயங்காலம் வந்து, அவள் இன்றைக்கும் வரவில்லை என்றாள். சின்னச்சாமி கேட்டுக்கொண்டார். ஒருநாள் காலையில் அவளுக்குத் தலை சீவிவிடும்போது, பின்னால் இருந்தபடியே சொன்னார்.

"இனிமே ஓரத்துல உக்காராத தாயி. நல்லா நடுவுல உக்காந்துக்க."