விழிஞ்ஞத்துக் கிணறுகளும் நான் எடுத்த சீட்டும்

என்னோடு சேர்ந்து ஜெபிக்கிறவர்களே, இந்தச் சாட்சியை நான் ஒருமுறை தப்பாகச் சொன்னவள். அதனால் இந்தத் தடவை நிதானமாக எழுதுகிறேன். சில இடங்களில் எனக்கே இன்னும் குழப்பம் தீரவில்லை. தீர்ந்த மாதிரி நடிக்க எனக்கு வராது.

யுத்தம் தொடங்கி இரண்டாம் வருடம், ஐப்பசி மாதம். நாஞ்சில் நாட்டிலிருந்து திருவனந்தபுரத்துக்கு வந்து ஒரு மிஷன் கல்லூரியில் ஸயன்ஸ் படித்துக்கொண்டிருந்தேன். கடைசி வருடம். பரீட்சையோடு ஓர் ஆராய்ச்சியும் செய்து அறிக்கை கொடுக்க வேண்டும். எனக்குக் கிடைத்தது விழிஞ்ஞம் கரையில் அதிகாரிகள் நம்பர் எழுதி வைத்த ஆறு கிணறுகளின் தண்ணீர். எதில் கிருமி இருக்கிறது, எதில் இல்லை என்று சோதித்துச் சொல்ல வேண்டும். அதை வைத்துத்தான் சுகாதார அதிகாரிகள் கெட்ட கிணற்றை மூடுவதாக இருந்தார்கள். மூடினால் அந்தக் கிணற்றுக்காரர்கள் பக்கத்துக் கிணற்றுக்குப் போவார்கள். இது எனக்குத் தெரியும். தெரிந்துதான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

ஆறு குப்பிகளில் தண்ணீர் எடுத்துக்கொண்டு கரியில் ஓடும் பஸ்ஸில் திரும்பினேன். நல்ல மழை. குப்பியின் மேலேயே மெழுகுப் பென்சிலால் நம்பர் போடு என்று சுப்பையர் ஸார் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அவர் எங்கள் பேராசிரியர், கரமனை அக்கிரகாரத்துக்காரர். நான் கேட்டால்தானே? என் கையெழுத்து அழகு என்ற மிதப்பில் காகிதத்தில் மையால் எழுதி ஒட்டியிருந்தேன். கல்லூரிக்கு வந்து கூடையைத் திறந்தால் நாலு குப்பியில் நம்பர் இருக்கிறது. இரண்டு குப்பி நம்பர் இல்லாமல் நிற்கிறது. கூடையின் அடியில் ஈரமாக இரண்டு காகிதங்கள். ஒன்று மூன்றாம் கிணறு, ஒன்று ஐந்தாம் கிணறு. எது எந்தக் குப்பியுடையது?

திரும்பப் போய்த் தண்ணீர் எடுத்திருக்கலாம். அதற்கு ஸாரிடம் சொல்ல வேண்டும். அவர் வாய்க்குப் பயந்தேன். திங்கட்கிழமை அறிக்கை கொடுக்காவிட்டால் வருடம் போய்விடும் என்றும் பயந்தேன்.

எங்கள் வீட்டில் அப்பா உபதேசியார். எதிலாவது முடிவு தெரியாவிட்டால் துண்டுக் காகிதங்களில் எழுதி மடித்து வைத்து, முழங்காலில் நின்று ஜெபித்துவிட்டு ஒன்றை எடுப்போம். எது வருகிறதோ அதுதான் கர்த்தருடைய சித்தம். அதற்குப் பிறகு யாரும் மறுபேச்சுப் பேசக்கூடாது. என் அக்காவுக்கு மாப்பிள்ளை அப்படிச் சீட்டில் வந்தவர்தான். அத்தான் தங்கமான மனிதர். ஆகவே நானும் சோதனைச்சாலைக் கதவைச் சாத்திவிட்டு, மூன்று என்றும் ஐந்து என்றும் எழுதி மடித்தேன். கண்ணீரோடு ஜெபித்தேன். இடது பக்கத்துக் குப்பிக்கு என்று ஒரு சீட்டை எடுத்தேன். ஐந்து வந்தது.

இரண்டு நாளில் சோதனைக் குழாய்கள் முடிவைக் காட்டின. சீட்டு ஐந்து என்று சொன்ன குப்பியில் கிருமி. மற்ற குப்பிகளெல்லாம் சுத்தம். அப்படியே அறிக்கை எழுதினேன்.

எழுதி முடித்ததும் சந்தேகம் பிடித்தது. ஒருவேளை கெட்டது மூன்றாம் கிணறாக இருந்தால்? உடனே வேறொரு பயம். சீட்டைச் சந்தேகப்பட்டால் கர்த்தரைச் சந்தேகப்படுவதல்லவா? விசுவாசம் இல்லாதவள் ஆகிவிடுவேனே? சந்தேகப்படாமல் இருந்தால் யாராவது பிள்ளை அந்தத் தண்ணீரைக் குடிக்குமே? இந்தப் பக்கமும் போக முடியவில்லை, அந்தப் பக்கமும் போக முடியவில்லை. நான் செய்தது சரி என்று ஓர் அடையாளம் காட்டும் ஆண்டவரே என்று ஜெபித்தேன். ஒரு அடையாளமும் வரவில்லை. சோறு இறங்கவில்லை.

விடுதியில் என் அறைத்தோழி சாறாம்மா கோட்டயத்துப் பெண். அவளிடம் சொன்னேன். அவளுக்கோ சந்தோஷம் தாங்கவில்லை.

"எடி, இது வலிய சாட்சியல்லே! சனிக்கிழமை ஜெபக்கூட்டத்திலே எழும்பிச் சொல்லு. சொன்னா சமாதானம் தன்னாலே வரும்."

சமாதானம் எங்கே கிடைத்தாலும் போதும் என்றிருந்தது எனக்கு. சனிக்கிழமை சாயங்காலம் எழுந்து நின்றேன். காகிதம் உரிந்தது, நான் அழுதது, சீட்டு எடுத்தது, கர்த்தர் காட்டிக்கொடுத்தது, எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்சம் ஜோடித்தும் சொன்னேன். பெண்களெல்லாம் ஆமென் சொன்னார்கள்.

வாசல்படியில் கையைத் துடைத்துக்கொண்டு மேரியக்கா நின்றாள். விடுதிச் சமையல்காரி, விழிஞ்ஞத்துக்காரி. முகமெல்லாம் சிரிப்பு.

"மோளே, அப்போ மூணாம் கிணறு நல்லதுதானா? பள்ளிக்குப் பின்னாலே இருக்கே, அதுதானே? என் தங்கச்சி வீட்டுக் கிணறு அது! அவ ஒரு மாசமா வெள்ளம் காய்ச்சியாக்கும் பிள்ளேளுக்குக் கொடுக்கா. அஞ்சு பிள்ளே. விறகு கிடைக்காம பாவம் கஷ்டப்படுகா. நாளைக்கே போய், இனிக் காய்ச்சண்டாம், கர்த்தர் சொல்லியாச்சுன்னு சொல்லட்டா?"

நான் பதறிப்போய்க் கத்தினேன்.

"வேண்டாம் அக்கா! காய்ச்சாமல் குடிக்க வேண்டாமென்று சொல்லுங்க. எனக்குத் தெரியாது. அந்தக் கிணறு நல்லதா கெட்டதா, எனக்கு ஒண்ணும் தெரியாது!"

சாறாம்மா என் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். "கர்த்தர் தந்ததை நீ தள்ளுகயாணோ?" என்று காதருகே சீறினாள். நான் கேவிக் கேவி அழுதேன். மேரியக்காவின் சிரிப்பு அப்படியே நின்றுபோனதை இன்றும் மறக்க முடியவில்லை.

மறுநாள் ஞாயிறு. என் வாழ்க்கையில் ஆராதனைக்குப் போகாத முதல் ஞாயிறு அது. மேரியக்காவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு கரமனைக்குப் போய், ஸார் வீட்டு வாசலில் நின்று எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, எங்காத்துலயும் கல்யாணத்துக்குப் பூக்கட்டிப் பார்ப்பா. கிணத்துக்கு யாரும் பார்க்க மாட்டா. கிணறு அங்கேயேதானே இருக்கு? ஓடியா போயிடுத்து?"

"தப்புதான் ஸார்."

"தப்புதான். அந்த அறிக்கை இனி செல்லாது, வருஷமும் போச்சு. அதை அப்புறம் அழுதுக்கலாம். பஸ்ஸுக்கு நாழியாறது, கிளம்பு."

அன்றைக்கே மூன்று பேரும் விழிஞ்ஞம் போனோம். மூன்றாம் கிணற்றில் வாளியை இறக்கும்போது ஜெபிக்கப் பார்த்தேன். என்ன கேட்பது என்றே தெரியவில்லை. சரியென்று காட்டும் என்றும் கேட்க முடியவில்லை, தப்பென்று காட்டும் என்றும் கேட்க முடியவில்லை. "ஆண்டவரே, உள்ளதைக் காட்டும்" என்றேன். அவ்வளவுதான். அப்படி ஒரு ஜெபத்தை அதற்கு முன்பு நான் செய்ததே கிடையாது.

செவ்வாய்க்கிழமை குழாய்களைப் பார்த்தோம். மூன்றாம் கிணற்றிலும் கிருமி, ஐந்தாம் கிணற்றிலும் கிருமி. முதல் தடவை ஒன்றில்தான் இருந்தது. நடுவில் பெய்த மழையில் மற்றதும் கெட்டிருக்க வேண்டும் என்றார் ஸார். அன்றே அதிகாரிகளுக்கு ஆள் போயிற்று. இரண்டு கிணற்றையும் மூடினார்கள். அந்த மாதம் அந்தக் கரையில் பேதி கண்டது. இரண்டு வீடுகளில் சாவு விழுந்தது. மேரியக்காவின் தங்கை கடைசிவரை தண்ணீரைக் காய்ச்சியே கொடுத்தாள்.

அப்படியானால் நான் எடுத்த சீட்டு சரியா, தப்பா? எனக்குத் தெரியாது. இனித் தெரியப்போவதுமில்லை. சீட்டு ஒருநாளும் பொய்க்காது, விசுவாசத்தில் நீதான் குறைந்து போனாய் என்று அப்பா கடிதம் எழுதினார். ஸார் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. சாறாம்மா ஒரு மாதம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. இன்னொரு வருடம் அதே பெஞ்சில் உட்கார்ந்து, என்னைவிடச் சின்னப் பெண்களோடு படித்தேன். அவமானமாகத்தான் இருந்தது. ஆனாலும் சோறு இறங்கிற்று.

யாருக்கும் தெரியாமல் காரியம் முடியட்டும் என்று கேட்டேன். கூட்டத்துக்கு நடுவே என் வாயாலேயே வெளிவந்தது. வருடம் போகாமல் காப்பாற்றும் என்று கேட்டேன். வருடம் போயிற்று. அடையாளம் கேட்டேன். சமையல்காரி அக்கா வாசற்படியில் நின்று கேள்வி கேட்டாள். அவள் அன்றைக்கு அடுப்பங்கரையிலேயே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் எனக்குப் பயமாக இருக்கிறது. அவளை அங்கே கொண்டுவந்து நிறுத்தினவருக்கு நான் சாகும்வரை நன்றி சொல்லித் தீராது.

பிரியமானவர்களே, போய்ப் பார்த்தால் தெரியக்கூடிய காரியத்துக்குக் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள். ஜெபம் பண்ணுங்கள். பிறகு எழுந்து போய்ப் பாருங்கள். பார்ப்பது உங்களுக்கு விரோதமாக இருந்தாலும் பயப்படாதீர்கள், நம்முடைய கர்த்தர் அங்கேயும் இருக்கிறார். நான் பயந்துகொண்டேதான் போனேன். பள்ளிக்குப் பின்னால் அந்த வீட்டில் ஐந்து பிள்ளைகளும் உயிரோடு இருக்கிறார்கள்.