பால் பத்துதா என்று கேட்டால்

எங்கள் தெருவில் ஒரு வீட்டுச் சன்னலில் மரத்தால் செய்த நாரை ஒன்று நிற்கிறது. அலகில் ஒரு துணி மூட்டை, மூட்டைக்குள் பொம்மைக் குழந்தை. பக்கத்தில் ஒரு பலகை. அதில் அந்த வீட்டில் புதிதாகப் பிறந்த பிள்ளையின் பெயர், பிறந்த நேரம், நீளம், எடை எல்லாம் எழுதியிருக்கும். எடை என்றால் குத்துமதிப்பாக இல்லை, கிராம் சுத்தமாக. நெதர்லாந்துக்கு வந்த புதிதில் இதைப் பார்த்து நடைபாதையிலேயே நின்றுவிட்டேன். எங்கள் சின்னாளப்பட்டியில் ஒருத்தர் இப்படி எழுதி வாசலில் வைத்தால், அன்று சாயங்காலமே சொந்தக்காரர்கள் வந்து பலகையைப் பிடுங்கி அடுப்பில் வைத்திருப்பார்கள். கொழுகொழுவென்று இருக்கிற பிள்ளையைக் கூட “என்னடி இப்படி எளச்சுப் போச்சு” என்று சொல்லித்தான் நாம் தூக்குவோம். கல்லடி பட்டாலும் படலாம், கண்ணடி படக் கூடாது. அப்போது நான் வயிற்றில் பிள்ளையோடு இருந்தேன். நம் சன்னலில் இந்த வேலையெல்லாம் வேண்டாம் என்று என் கணவரிடம் சொன்னேன். அவர் ஒட்டன்சத்திரத்துக்காரர். சொல்வதற்கு முன்பே தலையாட்டினார். பலகை வைக்காவிட்டால் தப்பித்தோம் என்று நினைத்தேன். வம்பு என் வாயில்தான் இருக்கிறது என்று அன்றைக்குத் தெரியவில்லை.

என் அண்ணன் மனைவி, அதாவது என் மதினி, தொப்பம்பட்டிப் பெண். முதல் பிள்ளையைத் தாய்வீட்டில் பெற்று, மூன்றாம் மாதம் எங்கள் வீட்டுக்கு வந்தாள். துணைக்கு அவள் அம்மாவும் வந்திருந்தார். பிள்ளை பார்க்க வருகிறவர்கள் ரொட்டியும் ஆப்பிளுமாக வந்துகொண்டே இருந்தார்கள். உள்ளே நுழைந்து, தண்ணீர் குடித்து, முதலில் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: பால் பத்துதா? மதினி வாயைத் திறப்பதற்குள் அவள் அம்மா முந்திக்கொள்வார். “எங்கீங்க, என்னமோ இருக்குதுங்க.” பக்கத்தில் மதினியின் ரவிக்கை நனைந்து, மேலே போட்ட துண்டும் நனைந்திருக்கும். வந்தவர்களும் அதைப் பார்ப்பார்கள். பார்த்துக்கொண்டே, “வரும் வரும், பூண்ட நல்லா வதக்கிக் குடுங்க, கருவாடு சேத்துக்கங்க” என்பார்கள். கேட்டவருக்கும் தெரியும், சொன்னவருக்கும் தெரியும். பால் பொங்கி வழிகிறது என்று ஒரு தாய் வாயால் சொல்லக் கூடாது, அவ்வளவுதான். நான் அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். இதையெல்லாம் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. சாப்பிட்டியா என்று கேட்டால் பசித்தாலும் சாப்பிட்டேன் என்று சொல்கிற மாதிரி, தானாக ஒட்டிக்கொண்டது.

எனக்குப் பிரசவம் ஆனபோது அம்மாவால் வர முடியவில்லை. விசா கிடைக்கவில்லை. ஆனால் இந்த நாட்டில் கிராம்ஸோர்க் என்று ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. பிள்ளை பெற்றவளின் வீட்டுக்கே பயிற்சி பெற்ற ஒரு பெண் முதல் வாரம் முழுக்கப் பகலில் வந்து, தாயையும் பிள்ளையையும் கவனித்து, சமையலறையைத் துடைத்து, கழிப்பறையைக் கூடக் கழுவிக் கொடுத்துவிட்டுப் போவார். எங்களுக்கு வந்தவர் பெயர் மார்லேன். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். மழையிலும் சைக்கிளில்தான் வருவார். எல்லாவற்றையும் நேராகக் கேட்பார். வெளிக்கிப் போனாயா, தையல் வலிக்கிறதா, அழுதாயா? நானும் நேராகவே பதில் சொன்னேன். சீம்பால் போய் நல்ல பால் இறங்கியபோது நெஞ்சு கல்லாகக் கனத்தது. மகள் ஒரு பக்கம் வாய் வைத்தால் மறுபக்கம் தானாகச் சொட்டியது. எனக்குள்ளே ஒரு கர்வம். யாரிடமும் காட்டிக்கொள்ளவில்லை.

அன்று காலையில் கீழ்வீட்டு அன்னெகே பிள்ளை பார்க்க வந்தார். தனியாக வாழ்கிற பெரிய மனுஷி, நல்ல மாதிரி. பிள்ளை பிறந்த வீட்டில் வருகிறவர்களுக்கு மொறுமொறுப்பான ரஸ்க்கில் வெண்ணெய் தடவி, சர்க்கரை பூசிய சோம்பைத் தூவிக் கொடுப்பது இங்கே வழக்கம். அந்தச் சோம்புக்கு மௌஷெஸ், சுண்டெலிக் குஞ்சுகள் என்று பேர். பிள்ளை பெற்றவளுக்குச் சோம்பு நல்லது என்று இவர்களுக்கும் தெரிந்திருக்கிறதே என்று எனக்கு மனசு குளிர்ந்துபோனது. அன்னெகே அதைக் கடித்துக்கொண்டே குழந்தையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து மார்லேன் கேட்டார்: “பால் போதுமான அளவு வருகிறதா?”

வாய் முந்திக்கொண்டது. “கொஞ்சம்தான் இருக்கு. போதுமா என்று தெரியவில்லை.” என் கணவர் பக்கத்தில் நின்று, “ஆமாம், கொஞ்சம்தான்” என்று ஒத்து ஊதினார். நாங்கள் இரண்டு பேரும் இதைப் பேசி வைத்துக்கொள்ளவில்லை. அவருக்கும் ரத்தத்தில் இருக்கிறது. இனி மார்லேன் “வரும் வரும்” என்பார், அன்னெகே பூண்டுக்குப் பதில் ஏதாவது சொல்வார், பேச்சு முடிந்துவிடும் என்று காத்திருந்தேன். மார்லேன் கையிலிருந்த காபிக் கோப்பையைக் கீழே வைத்தார். தராசை எடுத்து வந்தார்.

பிறந்த பிள்ளை முதல் சில நாள் எடை குறைந்துவிட்டுத்தான் ஏறும். எல்லாப் பிள்ளைக்கும் உள்ளது. என் மகளும் குறைந்திருந்தாள். வேறொரு நாளாக இருந்தால் இயல்புதான் என்று போயிருப்பார். தாயே பால் போதவில்லை என்று சொன்ன பிறகு அந்த எடைக்கு வேறு அர்த்தம் வந்துவிட்டது. மருத்துவச்சிக்கு ஃபோன் போனது. பால் எடுக்கிற மெஷின் வந்தது. அதில் எவ்வளவு நேரம் உட்கார்ந்தும் அடி நனைகிற அளவுதான் இறங்கியது. பிள்ளைக்கு இறங்குகிற பால் இயந்திரத்துக்கு இறங்கிவிடாது என்று எனக்கு அன்றைக்குத் தெரியாது. மார்லேனுக்கு அது என் பேச்சுக்குச் சாட்சியாகிவிட்டது. ஒவ்வொரு தடவையும் தாய்ப்பால் கொடுத்த பிறகு மாவுப்பால் புட்டி கொடுக்க வேண்டும் என்று முடிவானது. அன்னெகே போன பிறகு, “இல்லை, உண்மையில் பால் நன்றாகத்தான் இருக்கிறது” என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். மார்லேன் என் கையைப் பிடித்துக்கொண்டார். “இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எத்தனையோ தாய்மார்களுக்கு இப்படி ஆகிறது” என்றார். முதலில் சொன்ன பொய்யை நம்பினார், பிறகு சொன்ன உண்மையை வெட்கம் என்று நினைத்தார்.

புட்டிப்பால் வயிற்றை நிறைத்துவிட, மகள் நெடுநேரம் தூங்கினாள். எழுந்து என்னிடம் வந்தால் நாலு இழுப்பு இழுத்துவிட்டு வீரிட்டாள். புட்டியில் சுலபமாக வந்து பழகிவிட்டது. குடிக்க ஆள் இல்லாத பால் எதற்கு ஊறும்? கல்லாக இருந்த நெஞ்சு தளர்ந்தது, சொட்டுவது நின்றது. இல்லாதபோது கொஞ்சம்தான் என்று சொன்னால் அது வெறும் செய்தி. இருக்கிறபோது சொல்லி, அது கண்ணெதிரே அப்படியே பலித்தால், அந்தப் பயம் வேறு. என் வாயே என் பிள்ளைக்குக் கண்ணாகிவிட்டதோ என்று நினைத்தேன்.

மறுநாள் மத்தியானம் அம்மா வீடியோவில் வந்தாள். அண்ணன் நிலக்கோட்டையிலிருந்து வாங்கி வந்த மல்லிகையைக் கட்டிக்கொண்டிருந்தாள். “சாப்டியா? பாப்பா தூங்குறாளா? பால் இருக்கா?”

“கம்மியாத்தான்மா இருக்கு.”

“ஆமாமா, அப்பிடித்தான் சொல்லணும்” என்று சிரித்தாள். அந்தப் பக்கம் யாரோ கேட்டார்கள் போல. தலையைத் திருப்பி, “எங்க, அத்த, ஏதோ கொஞ்சந்தான் இருக்காம்” என்று சொன்னாள். அந்தக் குரலில் இருந்த நிம்மதியை என்னால் தாங்க முடியவில்லை. பால் வற்றிக்கொண்டிருக்கிறது என்பதைச் சொல்ல என்னிடம் வேறு சொல் இல்லை. இருக்கிற சொற்களையெல்லாம் நாங்கள் பால் இருக்கிறபோதே செலவழித்துவிட்டோம். இங்கே மார்லேன் பொய்யை நம்பிவிட்டார், அங்கே அம்மா உண்மையை நம்பவில்லை. ஓவென்று அழுதுவிட்டேன்.

அம்மா பூவைக் கீழே போட்டாள். “ஏத்தா, நெசமாவா சொல்ற? முந்தி இருந்துச்சா இல்லையா, அதச் சொல்லு.”

“இருந்துச்சும்மா. சட்டையெல்லாம் நனஞ்சுச்சு.”

“பெறகு எதுக்கு இல்லைன்னு சொன்ன?”

“கீழ்வீட்டம்மா ஒக்காந்திருந்தாக.”

அவளால் என்னைத் திட்டவும் முடியவில்லை. அவள் இங்கே இருந்திருந்தால் என்னை முந்திக்கொண்டு அதையேதான் சொல்லியிருப்பாள். கடைசியில், “அந்த நர்சம்மாகிட்ட உள்ளத உள்ளபடி சொல்லிரு. கண்ணு பட்டா நான் இங்க சுத்திப் போட்டுக்கிறேன்” என்றாள்.

சொன்னேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கண்ணேறை விளக்குவது லேசான காரியமா? மார்லேன் புருவத்தைச் சுருக்கிக் கேட்டார். “அன்னெகே மிக நல்ல பெண்” என்று கொஞ்சம் கோபமாகவே சொன்னார். ஐயோ, அன்னெகே கெட்டவர் என்று சொல்லவில்லை, எங்கள் ஊரில் பெற்ற தாயின் கண்ணே படும் என்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். பாதி புரிந்தது போலிருந்தது. எழுந்து மேசைமேல் இருந்த புட்டியை எடுத்து ஓரமாக வைத்தார். “சரி, இனி நான் உன்னைக் கேட்க மாட்டேன். குழந்தையைக் கேட்கிறேன்” என்றார்.

மருத்துவச்சியிடம் பேசி, தினமும் எடை பார்த்துக்கொண்டே, புட்டியை மெல்ல மெல்லக் குறைத்தார்கள். மகள் கேட்கிறபோதெல்லாம் இரண்டு பக்கமும் கொடுத்தேன். மார்லேன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். முதலில் வெறும் சப்பல், பிறகு தாடை ஆழமாக இறங்கும், ஒரு நொடி நிற்கும், கெக் என்று சின்னதாக ஒரு சத்தம். அதுதான் விழுங்குவது. வெறுமனே சப்பிக்கொண்டிருப்பதும் குடிப்பதும் வேறு வேறு என்று அப்போதுதான் கண்டேன். வயிறு நிறைய நிறைய, இறுகியிருந்த விரல்கள் தளர்ந்து விரிந்தன. டயப்பர் எல்லா ஈரத்தையும் உள்ளே இழுத்துக்கொண்டு ஒன்றும் நடக்காதது போல இருந்ததால், உள்ளே ஒரு காகிதத் துண்டு வைத்துப் பார்த்தோம். திரும்பத் திரும்ப நனைந்தது. பச்சையாகப் போய்க்கொண்டிருந்தது மாறி, கடுகு மஞ்சளில் போக ஆரம்பித்தாள். ஒரு காலையில் மறுபக்கம் தானாகச் சொட்டி என் சட்டை நனைந்தது. மார்லேன் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை.

பிறகு யோசித்தேன். ஊரில் அந்தப் பொய்யைச் சொல்ல முடிந்தது, அதை யாரும் நம்ப வேண்டிய தேவை இல்லாததால்தான். மதினியின் பிள்ளைக்குக் கட்டியது பழைய சுங்குடிச் சேலைத் துணி. நனைந்தால் உடனே தெரியும். அலசிய துணி கொடி நிறையக் காய்ந்ததை அடுத்த வீட்டுக்காரரும் பார்த்தார்கள். பிள்ளையின் தொடை மடிப்பை ஆளுக்கு ஒரு தரம் தொட்டுப் பார்த்தார்கள். நாலு பேர் கண்ணுக்கு முன்னால் இருக்கிறவள், பால் இல்லை என்று சொல்லலாம். பூட்டிய அடுக்குமாடியில் தனியாகக் கிடக்கிறவளுக்கு அவள் சொல் மட்டும்தான் இருக்கிறது. அம்மாவுக்கும் இப்போது என் சொல் போதவில்லை. “ஏதோ இருக்கும்மா” என்றால் முன்போலச் சிரிப்பதில்லை. “பாப்பாவக் காட்டு” என்கிறாள்.

போன வாரம் கொன்சுல்தாசி ப்யூரோவுக்குப் போனோம். பிள்ளைகளுக்கு எடை பார்த்து வளர்ச்சியைக் கவனிக்கிற இடம். பெரிய கூடத்தில் தாய்மார்கள் வரிசையாகப் பிள்ளைகளுக்கு உடை மாற்றிக்கொண்டிருந்தார்கள். என் பக்கத்தில் சின்னப் பெண் ஒருத்தி. புட்டியைக் குழந்தையின் வாயில் வைத்துக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எவ்வளவோ முயற்சி செய்தும் தனக்குப் பால் வரவில்லை என்று கேட்காமலே என்னிடம் சொன்னாள். எனக்குக் கலா சித்தி நினைவுக்கு வந்தார், மதினியைப் பார்க்க வந்தவர்களில் ஒருத்தர். அவருக்கும் அப்போது கைப்பிள்ளை. பால் சுரக்காமல் டப்பாப் பாலில் வளர்த்தார். மதினியின் அம்மா அவரிடம், “இவளுக்கும் அப்படித்தானுங்க, என்னமோ ஓடுதுங்க” என்று சொன்னபோது சித்தியின் முகம் தெளிந்ததை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பொய் கண்ணுக்குப் பயந்து மட்டும் சொன்னதில்லை போலும்.

நர்ஸ் என் மகளைத் தராசில் படுக்க வைத்தாள். நன்றாக ஏறியிருந்தாள். கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி, “தாய்ப்பால் மட்டும்தானா? போதுமா?” என்று கேட்டாள். பக்கத்துப் பெண் புட்டியோடு நிமிர்ந்து பார்த்தாள். பழைய பதில் தொண்டை வரை வந்துவிட்டது. அதைச் சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். விழுங்கினேன். நர்ஸின் காதருகே குனிந்து, “ஹெனூஹ்” என்றேன். டச்சில் போதும் என்று அர்த்தம்.

“கேட்கவில்லை, கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள்” என்றாள்.

நான் மறுபடியும் மெதுவாகவே சொன்னேன்.