ஓங்கிய கை

பள்ளி ஆண்டு விழாவில் ஆடிவிட்டு வந்த மகளின் முகச்சாயத்தைத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்துக்கொண்டிருந்தேன். சாயமும் எண்ணெயும் கலந்த அந்த வாசனை அப்பாவுடையது. மதுரையில் கல்லூரி ஆசிரியராக இருந்த அவர், ஞாயிற்றுக்கிழமைகளில் மாணவர்களோடு ஊர் ஊராகப் போய் நாடகம் போடுவார்.

எனக்கு ஆறு வயதிருக்கும்போது, டி. கல்லுப்பட்டிக்குப் பக்கத்தில் ஓர் ஊருக்கு என்னையும் அழைத்துப் போனார். வேப்பமரத்தடியில் பகல் நாடகம். குடித்துவிட்டு மனைவியை அடிப்பவனாக அப்பா நடித்தார். நான் பயந்து "அப்பா!" என்று அலறினேன். பக்கத்திலிருந்த ஒரு பெண் என்னைத் தூக்கிக்கொண்டாள்.

"அழாத கண்ணு, உங்கப்பா நெசமா அடிக்கல."

அப்பா ஓங்கிய கையோடு நின்று, "இந்தப் பொண்ணு இப்ப என்ன செய்யணும்?" என்று கூட்டத்தைக் கேட்டார். அவள் என்னை இறக்கிவிட்டு, நடுவே போய் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். கூட்டத்திலிருந்து அவள் புருஷன் விருட்டென்று எழுந்து போனான்.

நாடகம் முடிந்து பஸ் ஏறினோம்.

"அவ புருஷன் எந்திரிச்சுப் போனதப் பாத்தியாப்பா?" என்றார் அப்பா, பக்கத்திலிருந்த மாணவரிடம். "நாம மதுரைக்குப் போறோம். அவ அந்த வீட்டுக்குத்தானே போகணும்?"

அடுத்த நிறுத்தத்திலேயே என்னோடு இறங்கி, வந்த வழியே நடந்தார்.

அவள் வீட்டு வாசலில், நாடகம் பார்த்த பெண்கள் அவளைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். புருஷன் உள்ளே இருந்தான். ஒருத்தி எழுந்து வந்தாள்.

"நீங்க கெளம்புங்கண்ணே. நாங்க இங்கனதான் இருக்கோம்."

அப்பா அவர்களைக் கும்பிட்டார். அதற்குப்பின் ஓய்வு பெறும்வரை, நாடகம் முடிந்ததும் எந்த ஊரிலிருந்தும் அவர் உடனே கிளம்பியதில்லை.